கடைக்கு ஒரு கைபேசிச் செயலி

இணையதளம் வைத்திருக்கும் கடைக்காரர் கைபேசிச் செயலிக்காகப் புதிதாகப் பெருந்தொகை செலவிட வேண்டியதில்லை. விலைப்பட்டியல், ஆர்டர் படிவம் உள்ள பக்கங்களின் மூலக் கோப்புகளையே 'கார்டோவா' என்னும் இலவசக் கருவியால் செயலியாகக் கட்டிவிடலாம். உள்ளே ஓடுவது அதே பக்கம்தான். உறை மட்டும் புதிது.

கோப்புகளை அனுப்பினால் செயலியாக்கித் தந்த 'போன்கேப்' இணையச் சேவையை அடோபி நிறுவனம் 2020-இல் நிறுத்திவிட்டது. மூலக் கோப்பு கையில் இருந்தவர்களுக்கு வேறு கருவிக்கு மாறுவது எளிதாயிற்று.

கூகுள் பிளே பதிவுக்கு ஒரே முறை 25 டாலர். ஆப்பிளுக்கோ ஆண்டுதோறும் 99 டாலர். நம் மளிகைக்கடைக்கு முன்னதே போதும். செய்து தருபவர் தம் கணக்கில் ஏற்றிவிட்டால் செயலி அவர் கைக்குப் போய்விடும். கணக்கைத் தங்கள் பெயரில் திறந்து, மூலக் கோப்பு, கையொப்பச் சாவி, கடவுச்சொல் மூன்றையும் வாங்கிய பிறகே பாக்கித் தொகையைக் கொடுங்கள்.