பச்சோந்திக்கு ஏற்ற வீடு

அடிக்கடி கொள்கையை மாற்றிக்கொள்பவனைப் பச்சோந்தி என்று ஏசுகிறோம். ஆனால், அப்பெயருக்குரிய உயிரைக் கண்ணாரக் கண்டவர் நம்முள் சிலரே. வேலியின்மேல் தலையை ஆட்டிக்கொண்டு, கழுத்துச் சிவக்க நிற்பது ஓணான், பச்சோந்தி அன்று. பச்சோந்தி மெல்ல மெல்ல அடியெடுத்து வைக்கும். அதன் ஒரு கண் முன்னே நோக்கும்போதே மற்றொரு கண் பின்னே நோக்கும். விரல்கள் இரு கற்றைகளாகப் பிரிந்து, கிடுக்கிபோலக் கிளையைப் பற்றும். வாலும் ஒரு கைபோல உதவும். தூரத்திலுள்ள பூச்சியை நாவை வீசி நொடிப்பொழுதில் கவரும்.

இத்தகைய விந்தை உயிரை வீட்டில் வளர்க்க வேண்டும் என்னும் ஆவல் மாணவர்க்கு எழுவது இயல்பே. மேனாடுகளில் ஏமன், சவூதி அரேபியா ஆகிய நாடுகளுக்குரிய ஓரினத்தைப் பலர் வளர்க்கின்றனர். அவர்கள் செய்யும் ஏற்பாடுகள் யாவை?

முதலாவது, கூடு. நான்கடி உயரமுள்ள வலைக்கூட்டில் கிளைகளையும் இலை அடர்ந்த செடிகளையும் வைக்கின்றனர். கூட்டுக்கு ஒன்றே இருத்தல் வேண்டும். பச்சோந்தி தனிமையை விரும்புவது. இரண்டாவது, ஒளி. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் உடலிற் படாவிடில் வைட்டமின் டி குறையும், சுண்ணாம்புச் சத்து உடலிற் சேராது, எலும்புகள் வளையும். சன்னற் கண்ணாடி அக்கதிரைத் தடுத்துவிடுமாதலால், அதற்கெனத் தனி விளக்கு எரிக்கின்றனர். மூன்றாவது, நீர். கிண்ணத்தில் தேங்கிய நீரை இது பெரும்பாலும் நாடாது. இலைமேல் நிற்கும் துளிகளையே நக்கிப் பருகும். ஆகவே நாள்தோறும் இலைகளின்மேல் நீர் தெளிக்கின்றனர். நான்காவது, உணவு. உயிருள்ள பூச்சிகளைச் சுண்ணாம்புச் சத்துப் பொடியில் புரட்டி, குஞ்சுகளுக்கு நாள்தோறும், வளர்ந்தவற்றுக்கு ஒருநாள் விட்டு ஒருநாளும் தருகின்றனர்.

இந்நான்கையும் எண்ணிப் பாருங்கள். வெயில், பனித்துளி, தழை, பூச்சி ஆகியவற்றைப் பெரும்பொருள் செலவிட்டு அறைக்குள் அமைக்க முயல்வதே இம்முயற்சி. இவற்றுள் ஒன்று தவறினும் அவ்வுயிர் நலியும். அன்பினால் அட்டைப்பெட்டியில் அடைத்து வைக்கப்படும் பச்சோந்தி, அவ்வன்பினாலேயே மடிகிறது.

சட்டமும் இங்குக் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, நம் நாட்டுப் பச்சோந்தியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றமாகும். பன்னாட்டு உடன்படிக்கையால் காக்கப்பெறும் அயல்நாட்டு இனங்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்தல் வேண்டும் என 2022ஆம் ஆண்டுத் திருத்தம் விதிக்கிறது.

அப்படியானால் நாம் செய்யத்தக்கது யாது? கூட்டிற்கு மாறாக, ஊரையே அதற்கு வீடாக்கலாம். புதுச்சேரியை அடுத்த செம்மண் மேடு, 1968இல் ஆரோவில் தொடங்கப்பெற்ற காலத்தில், பெரும்பாலும் மரமின்றி மழையால் அரிக்கப்பட்டுக் கிடந்தது. மழைநீரை வரப்பிட்டுத் தேக்கி, மரங்களை நட்டதால் இன்று அங்குக் காடு நிற்கிறது. அத்துணைப் பெரிய பணி நம்மால் இயலாதெனினும், பள்ளியின் ஒரு மூலையில் நொச்சி, கிளுவை முதலியவற்றால் உயிர்வேலி வளர்க்கலாம். கிளைகள் ஒன்றோடொன்று தொட்டு நிற்பின் பச்சோந்தி நிலத்தில் இறங்காமலே நடமாடும். பூச்சிமருந்து தெளியாதிருந்தால் அதற்கு இரை கிட்டும். வேலியடியில் சிறிது மண்ணைக் கிளறாது விட்டுவைத்தல் நன்று. ஏனெனில் பெண் பச்சோந்தி நிலத்தில் குழி தோண்டியே முட்டையிடும்.

சாலையைக் கடக்கும் பச்சோந்தியைக் கண்டால் நஞ்சுடையதென அஞ்சிக் கல்லெறிய வேண்டா; அதற்கு நஞ்சில்லை. ஒரு குச்சியை முன்னே நீட்டினால் அதிற் பற்றி ஏறிக்கொள்ளும். அது செல்லவிருந்த பக்கத்திலேயே ஒரு செடியில் விட்டுவிடுங்கள். பிறகு எட்ட நின்று, அது இலைக்குள் இலையாய் மறையும் வரை பொறுமையோடு பாருங்கள். எந்தக் கூடும் அக்காட்சியை உங்களுக்குத் தரவியலாது.