ஒளியால் மீண்ட வண்ணம்

அமெரிக்க நாட்டின் ஹாவாட் பல்கலைக்கழகத்துக் கலை நூதனசாலைகள் மூன்றும், இத்தாலியக் கட்டடக் கலைஞர் றென்சோ பியானோவின் திட்டப்படி ஒரே கட்டடத்துள் அமைக்கப்பெற்று, 2014 நவம்பரில் மீளத் திறக்கப்பட்டன. 1927 ஆம் ஆண்டின் பழைய மனையது நடுமுற்றத்தின்மேல் கண்ணாடிக் கூரை எழுந்தது. ஆயினும் அறிஞரிடை வாதம் விளைத்தது கட்டடமன்று. ஆங்கு நிகழ்ந்த முதற் சிறப்புக் காட்சியே.

ஓவியர் மார்க் றொத்கோ அப்பல்கலைக்கழகத்து உணவுமண்டபம் ஒன்றிற்கெனத் தீட்டிய பேரோவியங்கள் ஐந்து 1964 இல் ஆங்கு மாட்டப்பெற்றன. அவர் கலந்த லித்தோல் சிவப்பு வெயில் பொறாதது. மண்டபமோ பெருஞ் சாளரங்களை உடையது. வண்ணம் வெளிறி, 1979 அளவில் ஓவியங்கள் களஞ்சியம் புகுந்தன. மெருகெண்ணெய் பூசப்பெறாத அவற்றின்மேல் புதுவண்ணம் தீட்டல் மூலத்தையே கெடுப்பதாகும். ஆதலின், 1964 ஆம் ஆண்டு நிழற்படங்களையும், வெயில் படாதிருந்த ஆறாம் ஓவியத்தையும் ஆராய்ந்து, நிறக்குறையைப் புள்ளிதோறும் கணித்து, அக்குறையை மட்டும் நிரப்பும் வண்ணவொளியை எறிகருவியால் அவற்றின்மீது வீழ்த்தினர். ஓவியத்தைத் தூரிகை தீண்டவில்லை.

இது மீட்சியோ, கண்மயக்கோ? மயக்கெனினும் நேர்மையுடையது என்பதே எம் கருத்து. நாள்தோறும் பிற்பகல் 4 மணிக்கு அவ்வொளி அணைக்கப்பட்டது. வெளிறிய உரு மறைப்பின்றிக் காண்போர் முன் நின்றது.