மங்கு போக்கும் 'சீரம்' நிஜமாவே வேலை செய்யுதா? கண்டுபிடிப்பது எப்படி? ஒரே வாரத்தில் வெளுத்தால் உஷார்!

பேன்சி ஸ்டோர், மெடிக்கல் ஷாப், செல்போன் ஆர்டர் என்று எங்கே பார்த்தாலும் இப்போது 'சீரம்' விற்பனைதான் ஜோராக நடக்கிறது. கட்டை விரல் அளவு பாட்டில். விலையோ ஒரு நாள் கூலியை முழுங்கி விடும். 'பரிசோதனையில் நிரூபிக்கப்பட்டது' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அது என்ன பரிசோதனை? எதை வைத்து செய்தார்கள்? இதை கேட்காமல் வாங்கினால் காசும் போகும். சில நேரம் கிட்னிக்கே ஆபத்தாகி விடும்.

கருந்திட்டு எப்படி வருகிறது?

நம் தோலுக்கு நிறம் கொடுப்பது மெலனின் என்ற நிறமி. தோலில் உள்ள சில செல்கள் இதை தயாரிக்கின்றன. அந்த வேலைக்கு உதவுவது 'டைரோசினேஸ்' என்ற நொதி. வெயில், கர்ப்ப காலம், பரு வந்து ஆறிய இடம் போன்ற காரணங்களால் ஒரு சில இடத்தில் மட்டும் நிறமி அதிகமானால் திட்டு திட்டாக கருக்கும். கன்னத்திலும் நெற்றியிலும் படர்வதைத்தான் மங்கு என்கிறோம்.

பிறவி நிறம் வேறு. மாநிறமோ கருப்போ அது நோய் இல்லை. நல்ல சீரம் என்றால் திட்டை மங்க வைத்து, பக்கத்து தோல் நிறத்துக்கு கொண்டு வரணும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆளையே சிவப்பாக்கும் என்பதெல்லாம் சும்மா.

காளான் டெஸ்ட்

வாழைக்காயை நறுக்கி வைத்தால் கருத்துப்போகும். அதனால்தான் தண்ணீரில் போடுகிறோம். வாழைப்பூவை மோரில் போடுகிறோம். காயை கருக்க வைக்கும் நொதியும், நம் தோலில் உள்ள நொதியும் தூரத்து சொந்தக்காரர்கள் மாதிரி.

காளானிலும் டைரோசினேஸ் இருக்கிறது. சுலபமாக கிடைக்கும். அதை எடுத்து, சோதிக்க வேண்டிய மருந்தை கலந்து, கருக்கிறதா, இல்லையா என்று லேபில் பார்ப்பார்கள். சீக்கிரம் முடிந்து விடும். செலவும் கம்மி. 'நிரூபிக்கப்பட்டது' என்பது வெறும் இந்த டெஸ்டாகக்கூட இருக்கலாம்.

ஆனால் காளானில் ஜெயித்தது மனுஷன் முகத்தில் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. 2018-ல் வெளியான ஜெர்மனி ஆய்வில், 50 ஆயிரம் பொருட்களை மனித டைரோசினேஸ் மீதே சோதித்து பார்த்தார்கள். காளான் நொதியை அடக்கி பேர் வாங்கிய கோஜிக் ஆசிட், அர்புட்டின் போன்றவை மனித நொதியிடம் அவ்வளவாக பலிக்கவில்லை.

இதற்கு நேர் மாறான கதையும் உண்டு. நியாசினமைடு என்ற வைட்டமின் பொருள் இந்த நொதியை தடுப்பதே இல்லை. தயாரான நிறமி மேல் தோல் செல்களுக்கு போய் சேருவதைத்தான் குறைக்கிறது. காளான் டெஸ்டில் இது பெயில். ஆனால் 2002-ல் வெளியான ஆய்வில், கருந்திட்டு உள்ள 18 பெண்களுக்கு 5 சதவீத நியாசினமைடு கிரீம் கொடுத்து பார்த்தபோது 4 வாரத்தில் திட்டுகள் குறைந்தன.

அரை முக டெஸ்ட்

அப்படின்னா உண்மையான டெஸ்ட் எது? முகத்தில் செய்வதுதான். ஒரு கன்னத்தில் மருந்து உள்ள கிரீம், மறு கன்னத்தில் மருந்து இல்லாத அதே கிரீம். எது எந்த பக்கம் என்று தடவுகிறவருக்கும் தெரியாது, மார்க் போடுகிற டாக்டருக்கும் தெரியாது.

ஏன் இத்தனை கெடுபிடி? வெறும் கிரீம் தடவினாலே வறட்சி போய் முகம் பளிச்சென்று தெரியும். மழைக்காலம் வந்து வெயில் குறைந்தாலும் மங்கு கொஞ்சம் குறையும். இதையெல்லாம் கழித்து விட்டு, மருந்தால் மட்டும் எவ்வளவு குறைந்தது என்று பார்க்கணும். நிறமியை அளக்க தனி மீட்டரே இருக்கிறது. ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுப்பார்கள். திட்டின் பரப்பு, கருமை இரண்டையும் பார்த்து நெற்றி, இரு கன்னம், தாடைக்கு தனித்தனியாக மார்க் போடுவார்கள்.

ஒரே வாரத்தில் வெளுக்குதா?

மேல் தோல் உதிர்ந்து புதுசாக வரவே ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். அதனால் நல்ல மருந்துக்கும் 8 முதல் 12 வாரம் பிடிக்கும். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தோஷப்படாதீங்க. பாதரசமோ, ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம்.

கேரள மாநிலம் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் நடந்ததை கேளுங்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகை கிட்னி நோயுடன் வந்த 22 பேரை அங்குள்ள டாக்டர்கள் ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே ரகம். அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு கிரீம் தடவியவர்கள்! பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் கலந்து கிட்னியை தாக்குகிறது. கிரீமை நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகி விடும் என்பதுதான் ஆறுதல்.

முகத்தில் பூசும் கிரீமில் பாதரசம் சேர்க்க 2020-ம் ஆண்டு அழகு சாதன விதிகள்படி தடை இருக்கிறது. தவறி கலந்தால் கூட 10 லட்சத்தில் ஒரு பங்கை தாண்டக்கூடாது. ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று 2018-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலிந்து, பரு வெடித்து, ரத்தக்குழாய் சிவப்பாக தெரிய ஆரம்பிக்கும். நிறுத்தினால் முகம் எரியும்.

நீங்களே டெஸ்ட் பண்ணலாம்

* அட்டையில் தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், சேர்மானம் எல்லாம் இருக்கணும். வெளிநாட்டு சரக்கு என்றால் இறக்குமதி பதிவு எண் வேண்டும். 'கலோமெல்' என்று போட்டிருந்தால் அது பாதரசம்தான். தொடாதீர்கள்.

* முதலில் முழங்கையின் உள் பக்கம் தடவி 3 நாள் பாருங்கள். அரிப்பு, எரிச்சல் வந்தால் விட்டு விடுங்கள்.

* காலையில் இரு கன்னத்திலும் சன் கிரீம். இது இல்லாவிட்டால் எந்த சீரமும் வேஸ்ட். சீரத்தை ஒரு கன்னத்தில் மட்டும் 8 வாரம் தடவுங்கள். பவுடர் இல்லாமல், அதே ஜன்னல் ஓரம், அதே நேரம் 4 வாரத்துக்கு ஒரு தடவை செல்போனில் போட்டோ எடுங்கள். எந்த கன்னம் என்று சொல்லாமல் வீட்டில் உள்ளவர்களிடம் காட்டி கேளுங்கள். அவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை என்றால் அடுத்த பாட்டில் வாங்க வேண்டாம்.

* கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் டாக்டரை கேட்காமல் எதையும் தடவக்கூடாது. மங்கு வேகமாக பரவினாலும், மச்சம் மாதிரி தடித்தாலும் நேராக அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கு போங்கள். அந்த சீட்டுக்கு காசு கிடையாது.