மோட்டார் மின்கலத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளின் இருக்கைக்கு அடியிலோ, காரின் முன்மூடிக்குள்ளோ ஒருவர் கண்ணிலும் படாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெட்டியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். உலகவழக்கில் அதனைப் பாட்டரி என்கிறோம். பாடநூல்களில் மின்சேமக் கலம் என்று படித்திருப்பீர்கள். ஓய்வு பெற்ற தலைமையாசிரியனுக்கும் பாட்டரிக்கும் என்ன உறவு என்று நீங்கள் வியக்கலாம். அவ்வுறவு ஓர் அடைமழை இரவில் ஏற்பட்டது. அதைச் சொல்லிவிட்டே மேலே செல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை மாதம். தாமிரபரணிக் கரையில், சேரன்மாதேவிக்கு அருகே ஒரு சிற்றூரில் என் வீடு இருக்கிறது. நள்ளிரவில் அண்டை வீட்டுப் பெரியவருக்கு நெஞ்சுவலி கண்டது. அவருடைய மகள் நனைந்துகொண்டே ஓடிவந்து, "மாமா, அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறது, வண்டியை எடுங்கள்" என்று கதவைத் தட்டினாள். பெரியவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து வண்டியில் அமர்த்தினோம். நான் சாவியைத் திருப்பினேன். 'டக், டக்' என்ற ஒலி எழுந்ததேயன்றி என்ஜின் சுழலவில்லை. விளக்கும் மங்கிப்போயிற்று. தெருப்பிள்ளைகள் நால்வரை எழுப்பி, சேற்றில் வண்டியைத் தள்ளச் செய்து, ஒருவாறு அது உயிர்பெற்றபோது அரைமணி நேரம் கழிந்துவிட்டது. பாளையங்கோட்டையில் எங்களைக் கண்ட டாக்டர், "சற்று முன்னதாக வந்திருக்கலாமே" என்றார். பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் அதன்பின் ஆற்றுக்கு நடந்து சென்று நீராடும் வலிமை அவருக்கு இல்லாமற்போயிற்று. அந்த அரைமணியே காரணம் என்று அவரோ அவர் மகளோ ஒருநாளும் சொன்னதில்லை. நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் என்னிடம் படித்த மாணவர். "சார்வாள், இதை எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டார். இரண்டு மாதங்களுக்கு முன் ஒரு கடையில் ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காகப் பில் இல்லாமல் வாங்கியதைச் சொன்னேன். அவர் பாட்டரியின்மேல் ஒட்டியிருந்த சீட்டை நகத்தால் கீறி எடுத்தார். அதனடியில் வேறொரு பழைய சீட்டின் எச்சம் தெரிந்தது. யாரோ தூக்கியெறிந்த பாட்டரியைக் கழுவித் துடைத்துப் புதியதென்று விற்றிருக்கிறார்கள். பிறகு அவர் ஒரு கண்ணாடிக் குழாயை ஆறு அறைகளிலும் ஒவ்வொன்றாக விட்டு உள்ளிருந்த திரவத்தை உறிஞ்சிப் பார்த்தார். அதனுள் ஒரு சிறு மிதவை இருந்தது. "ஒப்படர்த்தி பாடம் நீங்கள் நடத்தியதுதானே, சார்வாள்?" என்று புன்னகையோடு கேட்டார். முப்பது ஆண்டுகள் ஆர்க்கிமிடீசின் தத்துவத்தைக் கரும்பலகையில் எழுதியவன் நான். என் வண்டிக்குள்ளேயே அது பேசிக்கொண்டிருந்ததைக் கேளாமற் போனேன்! ஊருக்கு உபதேசம் செய்தவன் வெட்கித் தலைகுனிந்த நாள் அது. நீங்கள் அவ்வாறு தலைகுனிய வேண்டாம் என்பதற்காகவே இப்பேச்சு.

முதலில் இக்கலம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். இத்தாலிய அறிஞர் வோல்டா 1800-ஆம் ஆண்டில் உலோகத் தகடுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளையும் அடுக்கி மின்னோட்டத்தை உண்டாக்கிக் காட்டினார். ஆனால் அவருடைய அடுக்கு ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். தீர்ந்தபின் மீண்டும் மின்னூட்டிப் பயன்படுத்தக்கூடிய கலத்தை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளைக்கொண்டு அமைத்தார். இன்று நம் வண்டிகளில் இருப்பது அதன் வழித்தோன்றலே. நேர்மின் தகட்டில் ஈய டையாக்சைடும், எதிர்மின் தகட்டில் கடற்பஞ்சு போன்ற தூய ஈயமும் இருக்கின்றன. இரண்டும் நீர் கலந்த கந்தகாமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறு அறைகளைத் தொடராக இணைத்தால் 12.6 வோல்ட் ஆகிறது. '12 வோல்ட் பாட்டரி' என்று நாம் சொல்வது இதைத்தான்.

மின்சாரம் செலவாகும்போது அமிலத்திலுள்ள சல்பேட்டு தகடுகளில் சென்று ஒட்டி ஈய சல்பேட்டாக மாறுகிறது. திரவத்தில் நீர் மிகுகிறது. ஆகவே அதன் அடர்த்தி குறைகிறது. வண்டி ஓடும்போது ஆல்டர்னேட்டர் என்னும் மின்னாக்கி மின்சாரத்தைத் திருப்பி ஊட்ட, சல்பேட்டு மீண்டும் அமிலத்திற்குத் திரும்புகிறது. நன்கு மின்னேறிய கலத்தின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.25-க்கும் 1.28-க்கும் இடையே இருக்கும். தீர்ந்துபோன கலத்தில் அது 1.12 அளவிற்கு இறங்கிவிடும். என் மாணவர் உறிஞ்சிப் பார்த்த குழாய் சொன்ன செய்தி இதுவே. ஆறு அறைகளில் ஒன்றுமட்டும் மிகவும் தாழ்ந்திருந்தால் அந்த அறை கெட்டுவிட்டது என்று அறியலாம். பாட்டரியைத் தீர்ந்த நிலையிலேயே பல வாரங்கள் விட்டுவைத்தால், சல்பேட்டுப் படிகங்கள் இறுகித் தகட்டைவிட்டு அகல மறுக்கும். விடுமுறையில் வண்டியை மூடிவைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களின் பாட்டரி சாவது இதனால்தான்.

மூடிபோட்ட பாட்டரிகளில் இவ்வாறு உறிஞ்சிப் பார்க்க இயலாது. அவற்றிற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். வண்டியைச் சில மணி நேரம் நிறுத்தி வைத்தபின் முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் இருப்பது நிறைவு, 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி, 12.0 அல்லது அதற்கும் கீழ் என்றால் மின்னூட்டம் தேவை. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். அப்படி இல்லையானால் குறை பாட்டரியில் இல்லாமல் ஆல்டர்னேட்டரிலோ இணைப்பிலோ இருக்கலாம். இதை அறியாமல் புதுப் பாட்டரி வாங்குவது, அடுப்பு எரியாததற்குப் பானையை மாற்றுவது போன்றதாகும்.

சிறுவயதில் நான் கண்ட பழைய லாரிகளின் முன்னே ஒருவர் நின்று, இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுழற்றுவார். கைப்பிடி திருப்பியடித்தால் மணிக்கட்டு முறியும். 1912-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் வந்தபின்பே அத்துன்பம் மெல்ல மெல்ல ஒழிந்தது. அன்று மனிதத் தோள் செய்த வேலையை இன்று பாட்டரி செய்கிறது. சிறிய காரின் என்ஜினைச் சுழற்றவும் சில விநாடிகளுக்கு நூறு ஆம்பியருக்கு மேல் மின்னோட்டம் வேண்டும். அப்பெரும் பாய்ச்சலைத் தரவல்லதா என்பதே பாட்டரிக்கு வைக்கும் பரீட்சை.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகிறேன்.

முதலாவது, வண்டியின் கையேட்டில் கூறப்பட்ட அளவையே வாங்குக. ஆம்பியர்-மணி என்னும் கொள்திறன், பெட்டியின் நீள அகலம், முனைகள் அமைந்த பக்கம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

இரண்டாவது, செய்த மாதத்தைக் கேளுங்கள். கடையலமாரியில் சும்மா இருந்தாலும் பாட்டரி சிறிது சிறிதாகத் தன் மின்னேற்றத்தை இழக்கும். தேதிக் குறியீடு பெட்டியின்மேல் அச்சாகவோ பொறித்தோ இருக்கும். அது எழுத்தும் எண்ணும் கலந்த குறியானால், அதன் பொருளைக் கடைக்காரரே விளக்க வேண்டும். அது சுரண்டப்பட்டிருந்தால் அங்கே நிற்காதீர்கள்.

மூன்றாவது, உத்தரவாதச் சீட்டைப் படியுங்கள். பெரும்பாலும் அதில் இரு பகுதிகள் இருக்கும். குறிப்பிட்ட மாதங்கள் வரை இலவச மாற்று. அதன்பின் சில மாதங்கள் விலையில் ஒரு பகுதி தள்ளுபடி. "ஐந்து வருஷ கேரண்டி" என்ற விளம்பரத்தில் இலவச மாற்று எத்தனை மாதம் என்று கேட்பவனே புத்திசாலி. சீட்டில் வரிசை எண்ணும், வாங்கிய தேதியும், கடை முத்திரையும், கையில் வரியுடன் கூடிய பில்லும் இல்லையேல் உத்தரவாதம் வெறுங் காகிதமே.

நான்காவது, நம் ஊர் வெயிலை நினைவில் வையுங்கள். குளிர்நாடுகளில் பனியில் என்ஜினைச் சுழற்றும் திறனையே முதன்மையாகப் பார்க்கிறார்கள். நம் நெல்லைச் சீமையிலோ பாட்டரியின் பகைவன் வெப்பம். வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே கூடியவரை நிழலில் நிறுத்துங்கள். வெப்ப நாட்டிற்கென வடிவமைத்த வகை உண்டா என்றும் விசாரியுங்கள்.

எங்கே வாங்குவது? இதற்கு விடைகூற நம் மாவட்டத்து மனிதர் ஒருவரையே சான்றாகக் காட்டலாம். திருக்குறுங்குடியில் 1877-ஆம் ஆண்டு பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1911-ஆம் ஆண்டில் மதுரையில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பேருந்து ஓட்டியவர், வண்டிகளையும் உதிரிப் பாகங்களையும் விற்றவர், அவற்றைப் பழுது பார்த்தவர். இரண்டாம் உலகப்போரின்போது பெட்ரோல் கிடைக்காத நிலையில், கரியிலிருந்து வாயு எடுத்து வண்டியோட்டும் கருவிகளை அவர் நிறுவனம் செய்து கொடுத்தது. அவர் 1955-இல் மறைந்தார். பின்னர் 1961-இல் சென்னையை அடுத்த பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கப்பட்டு, ஸ்டார்ட்டர் போன்ற மின்கருவிகள் நம் நாட்டிலேயே உருவாயின. இவ்வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. விற்பதோடு பழுதும் பார்ப்பவர் தாம் விற்ற பொருளின் குறையை மறுநாளே தம் பட்டறையில் சந்திக்க நேரும். ஆதலால் பொருளைப் பூட்டித் தந்து, சோதித்துக் காட்டி, பின்னரும் பொறுப்பேற்கிற அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குக. பிரேக், வடிகட்டி முதலிய மற்ற உதிரிப் பாகங்களுக்கும் இதுவே விதி. உறையின் அச்சு மங்கியிருப்பதும், எழுத்துப் பிழை இருப்பதும், விலை வியப்பூட்டும் அளவு மலிவாயிருப்பதும் போலிக்கு அடையாளங்கள்.

வாங்கியபின் பேணவும் வேண்டும். திறந்து ஊற்றும் வகையானால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்றுக. பொதிகையில் பிறந்த தாமிரபரணி நீர் நம் நாவிற்கு எத்தனை இனியதாயினும் பாட்டரிக்கு ஆகாது. அதில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தை நாமாக ஊற்றலாகாது. முனைகளில் பூக்கும் வெண்பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் துடைக்கலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலில் கழற்றுக. பூட்டும்போது அதனைக் கடைசியில் பூட்டுக. மின்னேறும் வேளையில் ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகே தீக்குச்சி கிழிக்கலாகாது. அமிலம் கண்ணில் தெறித்தால் உடனே ஏராளமான நீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் செல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நம் ஆறு கரைபுரண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சாவியைத் திருப்பாமல், வல்லவர் ஒருவரைக்கொண்டு பாட்டரி இணைப்பைக் கழற்றிச் சோதிப்பதே முறை.

இறுதியாக, பழைய பாட்டரியை என்ன செய்வது? அதை வீட்டுப் பின்புறத்தில் உடைத்து ஈயம் உருக்குவோர் இன்றும் உண்டு. ஈயம் நஞ்சு, வளரும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். கொட்டிய அமிலமும் ஈயத்தூளும் மழையோடு வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து வயலுக்கும் செல்லும். பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை எத்தனை ஊர்கள் இந்த ஆற்றை உண்டு வாழ்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கென 2001-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. 2022-இல் புதிய விதிகள் வந்து, தயாரிப்பாளர் பொறுப்பை மேலும் வலியுறுத்தின. ஆதலின் பழையதைக் கடையில் ஒப்படைத்து, அதற்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு புதியதை வாங்குங்கள். முறையாகத் திரும்பிய ஈயம் மீண்டும் பாட்டரியாகிறது. முறையின்றிக் கைமாறிய பாட்டரியோ, எனக்கு வந்ததுபோல், சீட்டு மாற்றிக்கொண்டு இன்னொருவர் வீட்டுக்கு வரும்.

இத்துறையில் உங்களுக்கும் இடமுண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் நல்கியதால் காரைக்குடியில் எழுந்தது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மின்சார வண்டிகளை ஓட்டும் லித்தியம்-அயனி கலத்தை உருவாக்கிய அறிஞர் மூவர் 2019-இல் நோபல் பரிசு பெற்றனர். நாளைய கலத்தை ஆராய நீங்கள் கடல் கடந்துதான் செல்ல வேண்டும் என்பதில்லை. காரைக்குடிக்குப் பஸ் ஏறினாலும் போதும்.

இன்று மாலை வீட்டுக்குப் போனதும் உங்கள் வண்டியின் பாட்டரியைப் பாருங்கள். தேதி தெரிகிறதா, முனைகள் தூய்மையாக இருக்கின்றனவா, பில் எங்கே இருக்கிறது என்று தந்தையாரிடமோ தாயாரிடமோ கேளுங்கள். அண்டை வீட்டுக் கதவு என்றைக்குத் தட்டப்படும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் பக்கத்து வீட்டுப் பெரியவர் இப்போது மாலையில் திண்ணையில் அமர்ந்து ஆறு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாதம் ஒருமுறை நான் என் வண்டியின் மூடியைத் திறந்து வோல்ட்டை அளக்கும்போது, "எவ்வளவு இருக்கிறது?" என்று அங்கிருந்தபடியே கேட்பார். "பன்னிரண்டு புள்ளி ஆறு" என்று நான் விடை சொல்வேன்.