‘சுறா மனுஷனைக் கடிக்காது!’ – 12 நாளில் உடைந்த நம்பிக்கை... 1916-ல் நியூ ஜெர்சியில் என்ன நடந்தது?

1916 ஜூலை 1. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள பீச் ஹேவன் கடற்கரை. தண்ணீருக்குள் நின்ற இளைஞர் ஒருவர் கத்துகிறார். கரையில் யாரும் பதறவில்லை. கூட நீந்திய நாயைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துவிட்டார்கள். தூக்கி வந்தபோது அவர் தொடைச் சதை கிழிந்திருந்தது. அன்றே இறந்துபோனார்.

ஜூலை 6. அங்கிருந்து சுமார் 70 கி.மீ. வடக்கே ஸ்பிரிங் லேக். சிவப்புப் படகு ஒன்று கவிழ்ந்துவிட்டதாக ஒரு பெண் உயிர்காப்பாளர்களிடம் சொல்கிறார். அது படகு இல்லை. நீந்தப் போன ஹோட்டல் ஊழியரின் ரத்தம். கரை சேரும் முன்பே அவர் உயிர் போய்விட்டது.

ஜூலை 12. கடலில் இருந்து பல கி.மீ. உள்ளே இருக்கும் மாட்டவான் ஓடை. குளித்துக்கொண்டிருந்த 11 வயது சிறுவன் திடீரென மூழ்குகிறான். வலிப்பு வந்திருக்கும் என நினைத்து ஊர்க்காரர்கள் உள்ளே குதித்தார்கள். அப்படித் தேடிய 24 வயது இளைஞரும் கடிபட்டு இறந்தார். கொஞ்ச நேரத்தில், அதே ஓடையில் இன்னொரு சிறுவன் கடிபட்டான். ஐந்து பேரில் பிழைத்தது அவன் மட்டும்தான்.

நாய், படகு, வலிப்பு. மூன்று இடத்திலும் ‘சுறா’ என்று பலருக்கு முதலில் தோன்றவே இல்லை!

ஏன் தோணலை?

சுறா கடிக்கும் என்பது அப்போதே தெரிந்த விஷயம்தான். 1749-ல் ஹவானா துறைமுகத்தில் 14 வயது ப்ரூக் வாட்சன் சுறாவிடம் காலை இழந்தார். பின்னாளில் லண்டன் மேயரான அவரது கதை, 1778-ல் புகழ்பெற்ற ஓவியமாகவும் வந்தது. ஆனா, ‘அதெல்லாம் வெப்பக் கடல்ல நடக்கும், நம்ம பக்கம் நடக்காது’ என்பதுதான் வட அமெரிக்காவில் பலரின் எண்ணம்.

இதற்கு ஒரு பந்தயமும் துணை நின்றது. 1891-ல் ஹெர்மன் ஓல்ரிக்ஸ் என்ற கோடீஸ்வரர், கேப் ஹட்டராஸ் முனைக்கு வடக்கே சுறா மனிதரைத் தாக்கியதாக நிரூபித்தால் 500 டாலர் தருவதாக அறிவித்தார். யாரும் வாங்கவில்லை. யாரும் வாங்காததே ஆதாரமாகிவிட்டது!

அறிஞர்களும் இதே பக்கம்தான். நியூயார்க்கில் உள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஃபிரடெரிக் லூகாஸ், மனிதக் கால் எலும்பைக் கடித்துத் துண்டிக்கும் பலம் சுறாவுக்கு இல்லை என்று வாதிட்டவர். இரண்டு பேர் இறந்த பிறகு, ஜூலை 8-ல் அங்கே பத்திரிகையாளர் சந்திப்பு நடந்தது. மூன்றாவது தாக்குதலுக்கு வாய்ப்பு குறைவு என்றார்கள். நான்கே நாளில் மாட்டவான்.

அந்த ஓடையில் ஒரு எச்சரிக்கையும் வந்தது. ஓய்வுபெற்ற கப்பல் கேப்டன் ஒருவர், ஓடையில் சுறா போவதைப் பார்த்து ஊருக்குள் ஓடிப்போய்ச் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிறுவர்கள் தண்ணீரில் இறங்கியது அதற்குப் பிறகுதான்.

கடிச்சது எந்தச் சுறா?

ஜூலை 14-ல், ராரிடன் விரிகுடாவில் சுமார் 7.5 அடி நீள வெள்ளைச் சுறா ஒன்று பிடிபட்டது. அதன் வயிற்றில் மனித உடற்பாகங்கள் இருந்ததாக அறிவிக்கப்பட்டது. தாக்குதல்களும் நின்றன. ஆனா, கேஸ் முடிந்துவிடவில்லை. உப்பு குறைந்த தண்ணீரிலும் ஆற்றிலும் வாழக்கூடியது காளைச் சுறா. அதனால் மாட்டவானில் கடித்தது அதுவாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட சுறாக்களாகவும் இருக்கலாம்.

அப்புறம் என்ன ஆச்சு?

நம்பிக்கை அப்படியே தலைகீழானது. ஓடையில் டைனமைட் வெடித்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள். சுறாவைக் கொன்றால் பரிசு என்றார்கள். 1950-களில் ஆஸ்திரேலிய மருத்துவர் விக்டர் காப்பிள்சன், மனித ருசி கண்ட ஒற்றைச் சுறா திரும்பத் திரும்பத் தாக்கும் என்ற கோட்பாட்டைப் பரப்பினார். இன்றைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. 1975-ல் வந்த ‘ஜாஸ்’ படம் பயத்தை உச்சத்துக்குக் கொண்டுபோனது. 1916 சம்பவம் அதில் வசனமாகவே வரும். அதன் மூல நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி, பிற்காலத்தில் சுறா பாதுகாப்புக்காகவே குரல் கொடுத்தார்.

இன்றைய கணக்கு என்ன? மனிதர்கள் சீண்டாமலே சுறா கடிக்கும் சம்பவங்கள் உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 60 முதல் 70. உயிரிழப்பு பெரும்பாலான ஆண்டுகளில் ஒற்றை இலக்கம்தான். மறுபக்கம், மனிதர்களால் ஆண்டுக்குச் சுமார் 10 கோடி சுறாக்கள் கொல்லப்படுவதாக 2013-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. முக்கியக் காரணம், துடுப்புக்கும் இறைச்சிக்குமான மீன்பிடி. அரக்கன் என்று பெயர் வாங்கிய மீனுக்காகப் பரிந்து பேச ஆள் கிடைப்பதும் கஷ்டம்தானே?

‘கடிக்கவே கடிக்காது’ என்ற நம்பிக்கை, மாட்டவானில் ஒரு எச்சரிக்கையைச் சிரிப்பாக்கியது. ‘கண்டாலே கடிக்கும்’ என்ற நம்பிக்கைக்கு இன்னமும் சுறாக்கள் விலை கொடுக்கின்றன. கேப்டன் இந்த இரண்டில் எதையும் சொல்லவில்லை. ஓடையில் சுறா இருக்கு, இறங்காதீங்க என்றுதான் சொன்னார்.