குறுந்தட்டில் ஒலி பதிய ஏற்ற வேகம்

தோட்டத்து வீடுகள் பலவற்றில் பழைய ஒலிநாடாக்கள் பெட்டிக்குள் கிடக்கின்றன. பாட்டி பாடிய தாலாட்டு, திருவிழாவில் முழங்கிய தப்பு, மறைந்துபோன பெரியவர்களின் பேச்சு எல்லாம் அவற்றில் உள்ளன. நம் நாட்டு ஈரக் காற்றில் நாடாவில் பூசணம் பிடிக்கும். நாடா கெட்டுவிட்டால் அந்தக் குரல் வேறெங்கும் கிடைக்காது. ஆகவே அவற்றைக் கணினியில் ஏற்றி, சிடி எனப்படும் குறுந்தட்டில் பதிந்து வைப்பது நல்லது. பதியும்போது எந்த வேகம் என்று கணினி கேட்கும். என்ன வேகம் கொடுப்பது?

1 மடங்கு என்றால் பாட்டு ஒலிக்கும் அதே வேகம். 80 நிமிடத் தட்டு நிரம்ப 80 நிமிடம் ஆகும். 8 மடங்கில் 10 நிமிடம், 16 மடங்கில் 5 நிமிடம். 48 மடங்கில் ஏறக்குறைய 3 நிமிடம்.

தட்டினுள் மெல்லிய சாயப் பூச்சு ஒன்று உண்டு. தட்டு சுழலும்போது லேசர் கதிர் அச்சாயத்தைச் சுட்டுச் சிறு சிறு தடங்களை இடுகிறது. தடங்களின் நீளமும் இடைவெளியுமே ஒலியாகின்றன. வேகம் மிகுந்தால் சுடக் கிடைக்கும் நேரம் குறையும். தடத்தின் ஓரங்கள் பிசகக்கூடும்.

அப்படியானால் மிக மெதுவாகப் பதியலாமா? அதுவும் சரியன்று. இக்காலத் தட்டுகளின் சாயம் வேகமான பதிவுக்கென்றே ஆனது. மிக மெதுவாகச் சுட்டாலும் தடம் கெடலாம். பால்மரம் சீவுவோருக்கு இது விளங்கும். கத்தி மேலாகப் பட்டால் பால் வராது. ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும்.

சிறு பிழைகளை ஒலிக்கருவி தானே திருத்திக்கொள்ளும். பிழை மிகுந்தால் 'டிக் டிக்' என்று கேட்கும். சில இடங்களில் ஒலியே அற்றுப்போகும். கணினிக் கோப்புகளைப் பதியும் தட்டுக்குக் கூடுதலான பிழைதிருத்தக் காப்பு உண்டு. ஒலித்தட்டுக்கு அது கிடையாது. எனவே இதில் கவனம் அதிகம் வேண்டும்.

தட்டின் உறையில் அதன் உச்ச வேகம் அச்சிடப்பட்டிருக்கும். 48 அல்லது 52 என்றிருந்தால், 16 அல்லது 24 மடங்கைத் தேர்ந்தெடுங்கள். உச்ச வேகத்தால் மிச்சமாவது இரண்டு மூன்று நிமிடமே. 90 நிமிட ஒலிநாடா ஒரே தட்டில் அடங்காது. பக்கத்துக்கு ஒரு தட்டாகப் பதியுங்கள்.

பதிந்த தட்டை, வீட்டில் வழக்கமாகக் கேட்கும் கருவியிலேயே தொடக்கம் முதல் முடிவு வரை போட்டுக் கேளுங்கள். தடங்கல் இருந்தால் வேகத்தை மாற்றி இன்னொரு தட்டில் பதியுங்கள். நன்றாக அமைந்தபின் மற்றொரு படி எடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள். வெயில் படாத இடத்தில் தட்டை வைப்பது அவசியம்.

தட்டு நன்றாக அமைந்துவிட்டது என்று மூல நாடாவை எறிந்துவிடாதீர்கள். தட்டும் ஒருநாள் பழுதாகலாம். பாட்டியின் குரலுக்கு முதற்சான்று அந்த நாடாவே.