சோதனையில் எரிய வேண்டியது வீட்டில் எரியக்கூடாது

2012 ஏப்ரலில் அமெரிக்காவின் வாரன் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆய்வுகூடமொன்றில் வெடிப்பு நடந்தது. சந்தைக்கு வராத மாதிரிப் பற்றரி ஒன்றை அதன் தாங்குதிறனுக்கு அப்பால் வருத்திப் பார்த்தபோது, அதிலிருந்து வெளியேறிய வாயு பற்றிக்கொண்டது. ஊழியர்கள் காயப்பட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, மோதல் சோதனை முடிந்து ஒதுக்கி நிறுத்தியிருந்த ஷெவர்லே வோல்ட் கார் மூன்று கிழமை கழித்துத் தானாகவே எரிந்தது. அதன் பிறகுதான் அந்தக் காரின் பற்றரியைச் சுற்றிய பாதுகாப்பைப் பலப்படுத்தினார்கள். ஒரு வண்டி எரிந்தே தீரும் என்றால், அது எரியவேண்டிய இடம் சோதனைக் களம்தான்.

இந்தியாவில் 2022இல் நடந்தது வேறு. மார்ச் மாதம் வேலூரில் ஒரு வீட்டில் இரவு சார்ஜ் போட்டிருந்த புதிய மின்ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தந்தையும் பள்ளிக்கூடம் போகும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே நாட்களில் புனேயில் தெருவோரம் நின்ற ஓலா ஸ்கூட்டர் எரிந்தது. ஏப்ரலில் நாசிக்கில் லொறியில் ஏற்றிய 20 ஸ்கூட்டர்கள் எரிந்தன. ஓலா நிறுவனம் 1,441 வண்டிகளையும் ஒக்கினாவா நிறுவனம் 3,215 வண்டிகளையும் திருப்பி அழைத்தன. பற்றரிக்கான கடுமையான சோதனை விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாகவே நடைமுறைக்கு வந்தன. ஆய்வுகூடத்தில் முடிந்திருக்க வேண்டிய சோதனையை, காசு கொடுத்து வாங்கியவர்கள் தங்கள் வீட்டுக்குள் நடத்தவேண்டி வந்தது. இதை வெறும் விபத்து என்று சொல்லிக் கடந்துவிட முடியாது.

இலங்கையருக்கும் இந்த அனுபவம் உண்டு. 2021 கடைசியில் வீடு வீடாகச் சமையல் எரிவாயு வெடித்தபோது, சிலிண்டருக்குள் இருந்த கலவை மாறியதைப் பாவனையாளருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், படுவான்கரைப் பழுகாமத்திலிருந்து பட்டிருப்புப் பாலம் கடந்து களுவாஞ்சிக்குடிக்குப் போய்வருபவர்களுக்கு மின்ஸ்கூட்டர் மலிவான வழி. 2022இல் பெற்றோல் வரிசையில் நின்றவர்களுக்கு அதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் வாவிக்கரையில் வாழ்பவர்கள் உவர்நீரை மறந்துவிடக்கூடாது. 2012இல் சாண்டி புயலின்போது நியூவார்க் துறைமுகத்தில் கடல்நீர் புகுந்து, நிறுத்தியிருந்த 16 ஃபிஸ்கர் கார்மா கார்கள் எரிந்து போயின. 2022இல் இயன் புயலுக்குப் பிறகு புளோரிடாவிலும் உப்புநீரில் மூழ்கிய மின்வாகனங்கள் தீப்பிடித்தன. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காய்ந்த பின்பும் உப்புப் படிந்து உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே மாரி வெள்ளத்தில் மூழ்கிய ஸ்கூட்டரைத் துடைத்துக் காயவைத்துச் சார்ஜ் போடுவது பெரிய ஆபத்து. அதை வீட்டுக்கும் வைக்கோலுக்கும் எட்டத்தில், வெளியில் நிறுத்திவிட்டுத் திருத்துநரை அழையுங்கள்.

லித்தியம் பற்றரிக்குள் ஒரு கலத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டால் சூடு கூடும். அந்தச் சூடு இரசாயனத்தைச் சிதைக்கும், சிதைவு இன்னும் சூட்டைக் கிளப்பும், அது பக்கத்துக் கலத்துக்குத் தாவும். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். புகையில் ஐதரசன் புளோரைட்டு போன்ற நச்சுவாயு இருக்கும். பற்றரி பொருமினாலோ, சீறல் சத்தம் கேட்டாலோ, இனிப்பான இரசாயன வாடை வந்தாலோ ஆட்களை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. பாதுகாப்பாக எட்டுமென்றால் மாத்திரம் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அறைக்குள்ளோ குளியலறைக்குள்ளோ போய் ஒளியக்கூடாது. தீயணைப்புக்கு 110க்கும், காயம்பட்டவர் இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்சுக்கும் அழையுங்கள். நகரத்திலிருந்து தீயணைப்பு வண்டி வந்துசேர நேரமெடுக்கும் என்பதால், வாசலை மறித்தபடி வண்டியை வைத்துச் சார்ஜ் போடும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். எல்லாரும் படுத்த பிறகு சார்ஜ் போடுவதையும் விடவேண்டும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் அந்த வயரிங் போதாது.

வாங்கும்போது தயங்காமல் கேட்க வேண்டியவை சில. இந்தப் பற்றரி எந்தத் தரத்துக்குச் சோதிக்கப்பட்டது? மின் மோட்டார் சைக்கிள்களுக்கென ஐ.நா.வின் 136ஆம் இலக்க ஒழுங்குவிதி இருக்கிறது; அதற்கான சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் வண்டியைப் பதிய முடியுமா? மூன்றாந் தரப்புக் காப்புறுதி உங்கள் வண்டி எரிந்ததற்கு ஒரு சதமும் தராது. தீயையும் உள்ளடக்கிய முழுக் காப்புறுதியின் விலையைக் கேட்டுப் பாருங்கள். பற்றுச்சீட்டையும் உத்தரவாத அட்டையையும் வண்டிப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். வண்டியோடு அவையும் எரியும்.

எரிந்துவிட்டால் முதலில் பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள், படமெடுத்து வையுங்கள். "கொண்டுபோய்ப் பார்த்துச் சொல்கிறோம்" என்று விற்றவர் வந்தால், எழுத்தில் வாங்காமல் எரிந்த பற்றரியைக் கொடுக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ உத்தரவிடலாம். ஆனால் பொருளை விற்ற நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். இந்தத் தவணையைத் தெரியாமல் விட்டுவிடாதீர்கள். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. தவணை கடந்தாலும் நீதிமன்ற வழி இருக்கிறது. விற்ற பொருள் தரமாக இருக்கவேண்டும் என்பதை 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சில நிபந்தனைகளோடு விற்றவர்மீது சுமத்துகிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

வண்டி முழுதாக எரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பற்றரி பொருமியதோ சார்ஜர் உருகியதோ போதும், அதிகாரசபைக்கு எழுதிப் போடுங்கள். எங்கோ ஒரு வீட்டில் அதே வகைப் பற்றரி இன்றிரவும் சார்ஜில் இருக்கும்.